கல்யாண வீட்டில் தீ என்றால் எவ்வளவு நேரத்தில் வெளியே வரலாம்? கூட்டம் வெளியேறும் சிமுலேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள பழைய வீடுகளுக்குப் பழுதுபார்ப்பு வரைபடம் போடுவது என் தொழில். சில வருடங்களாக அதோடு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டது. கல்யாணம், படைப்பு, திருவிழா என்று கூட்டம் சேரும் இடத்தில் தீயோ நெரிசலோ வந்தால் எல்லோரும் வெளியே வர எவ்வளவு நேரமாகும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் வேலை. பங்காளிகள், கோயில் குழுக்காரர்கள், பந்தல்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் நெரிசலில் 41 பேர் இறந்த பிறகு போனிலும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

1. "சிமுலேஷன்னா என்ன தம்பி? பேரன் போன்ல விளையாடுற கேம் மாதிரியா?"

பார்க்க அப்படித்தான் இருக்கும் ஆச்சி. வீட்டின் வரைபடத்தைக் கணினியில் போட்டு, உள்ளே நூற்றுக்கணக்கில் புள்ளிகளை நிறுத்துகிறோம். ஒரு புள்ளி, ஓர் ஆள். ஒவ்வொருவருக்கும் ஒரு நடைவேகம், போக நினைக்கும் வாசல், எப்போது கிளம்புவார் என்ற நேரம் எல்லாம் கொடுக்கிறோம். அப்புறம் ஓட விடுகிறோம். எங்கே தேங்குகிறார்கள், கடைசி ஆள் எப்போது வெளியே வருகிறார் என்று பார்க்கிறோம்.

கேமில் பேரன் பொத்தானை அழுத்தி ஆளை நடத்துகிறான். இங்கே யாரும் நடத்துவதில்லை. பக்கத்து ஆள், சுவர், கதவு இவற்றைப் பார்த்து ஒவ்வொரு புள்ளியும் தானே அடுத்த அடியை எடுத்து வைக்கிறது. வாசலில் கூட்டம் அரைவட்டமாகச் சேரும் என்று நாங்கள் சொல்லிக் கொடுப்பதில்லை. அது தானாகவே சேர்கிறது.

2. "இதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? பேப்பர்ல போட்டா வராதா?"

வரும். முதலில் பேப்பரில்தான் போட வேண்டும், போடாதவரை நம்பாதீர்கள். ஒரு மீட்டர் அகலத்தில் நொடிக்கு அதிகபட்சம் சுமார் 1.3 பேர் கடக்கலாம் என்பது தீப் பாதுகாப்புப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. கதவின் இரு ஓரத்திலும் 15 செ.மீ. கழித்துவிட வேண்டும், ஏனென்றால் யாரும் நிலையை உரசிக்கொண்டு நடப்பதில்லை. நாலடிக் கதவு என்றால் 1.2 மீட்டர், ஓரம் போக 0.9 மீட்டர். நிமிடத்துக்கு 70 பேர். உள்ளே 600 பேர் இருந்தால் எட்டரை நிமிடம். அதே அளவில் பின்னாலும் ஒரு கதவு இருந்தால் நாலே கால் நிமிடம்.

பேப்பர் கணக்கு இங்கேதான் ஏமாற்றும். எல்லோரும் ஒரே நொடியில் கிளம்புவதாகவும், சரிபாதியாகப் பிரிந்து போவதாகவும் அது எடுத்துக்கொள்கிறது. 600 பேரில் 500 பேர் வந்த வழியே முகப்புக்குத் திரும்பினால் ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும், பின்கதவு சும்மா கிடக்கும். யார் எந்தப் பக்கம் போவார்கள், எங்கே இரண்டு கூட்டம் மோதும் என்பதைப் பார்க்கத்தான் கணினி.

3. "கம்ப்யூட்டர்ல இருக்கிற ஆள் எப்படி நடக்கிறான்னு யார் சொன்னது?"

இரண்டு பெரிய வழிகள் உண்டு. முதல் வழிக்கு நம் வீட்டுத் தரையையே பார்த்தால் போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மாதிரி இடம் முழுவதையும் கட்டங்களாக்கி, ஒரு கட்டத்தில் ஒருவர்தான் நிற்கலாம் என்று வைப்பது. வழக்கமாக 40 செ.மீ.க்கு 40 செ.மீ. கட்டம், அதாவது ஒன்றேகால் அடிக்குச் சற்று மேல். ஒவ்வொரு சுற்றிலும் வாசலுக்கு நெருக்கமான காலிக் கட்டத்துக்கு ஆள் நகர்வார். ஒரே கட்டத்துக்கு இரண்டு பேர் போட்டியிட்டால் ஒருவர் காத்திருக்க வேண்டும். வேகமாக ஓடும், சாதாரண லேப்டாப் போதும்.

இரண்டாவது, 1995இல் டிர்க் ஹெல்பிங்கும் பீட்டர் மோல்னாரும் வெளியிட்ட சமூக விசை மாதிரி (மாடல்). வாசல் ஒருவரை இழுக்கிறது, சுவரும் மற்றவர்களும் தள்ளுகிறார்கள் என்று வைத்து, பௌதிகத்தில் விசையைக் கூட்டுவதுபோலக் கூட்டுகிறார்கள். நாம் தெருவில் யார்மேலும் இடிக்காமல் விலகிப் போகிறோமே, அந்த விலகலைத்தான் விசையாக எழுதியிருக்கிறார்கள். நெருக்கடியில் உடம்போடு உடம்பு அழுத்துவதையும் சேர்த்து 2000இல் ஹெல்பிங், ஃபார்கஸ், விச்செக் மூவரும் அதை விரித்தார்கள். இன்றைய மென்பொருள்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் பிள்ளை, இல்லையென்றால் பேரன்.

4. "எத்தனை பேர் நின்னா ஆபத்துன்னு ஒரு நம்பர் சொல்லுங்க."

ஓரடிக்கு ஓரடி ஆத்தங்குடிக் கல் 11 சேர்ந்தால் சுமார் ஒரு சதுர மீட்டர். அதில் இரண்டு பேர் என்றால் தாராளமாக நடக்கலாம். நாலு பேர் என்றால் அடி அடியாக நகர்வார்கள். ஐந்து, ஆறு என்றால் தள்ளல் உடம்பில் படும். ஏழை நெருங்கும்போது கூட்டம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும் என்று எழுதினார் ஜான் ஃப்ரூயின். நடைபாதைகளைப் பற்றி 1971இலேயே நூல் எழுதிய அமெரிக்கப் பொறியாளர் அவர். அந்த நிலையில் அலை அலையாக அசைவு வரும், கால் தரையில் படாமல் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்கு மேல் யாருடைய பலமும் செல்லாது.

முந்தைய கேள்வியில் சொன்ன 40 செ.மீ. கட்டத்தில் சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 6.25 பேர்தான் அடங்குவார்கள். அதாவது மிக மோசமான நெரிசலை அந்தக் கட்ட மாடல் காட்டவே காட்டாது. திருவிழாவுக்கு ஓட்டும்போது இதை மறந்துவிட்டு, "ஆறுக்கு மேல போகலியே, பரவாயில்லை" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

5. "மிதிபட்டுத்தானே சாகிறாங்க?"

பெரும்பாலும் இல்லை. நின்றபடியே இறக்கிறார்கள். நாலு பக்கமும் அழுத்தும்போது நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுவிடுகிறது. 2022 அக்டோபரில் சியோலின் இட்டேவான் சந்தில் 150க்கும் மேற்பட்டோர் இறந்தது இப்படி அமுங்கித்தான். "முண்டியடித்து ஓடினார்கள்" என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். அங்கே ஓடுவதற்கு இடமே இருந்திருக்காது.

6. "வேகமா ஓடினா சீக்கிரம் வெளியே போயிடலாம்ல சார்?"

ஒருவர் மட்டும் இருந்தால், சரி. வாசலில் நூறு பேர் இருந்தால் இல்லை. நான் சொன்ன 2000ஆம் ஆண்டு ஆய்வின் பிரபலமான முடிவே இதுதான்: எல்லோரும் போக விரும்பும் வேகம் நொடிக்கு 1.5 மீட்டரைத் தாண்டினால் மொத்த நேரம் குறையாமல் கூடுகிறது. தோளோடு தோள் முட்டி, கதவு நிலைக்குள் வளைவு மாதிரி இறுகி நிற்கிறார்கள். கொஞ்சம் உடைகிறது, நாலு பேர் வெளியே விழுகிறார்கள், மறுபடி இறுகுகிறது. குறுகிய வாய்ச் சாடியிலிருந்து அரிசியைக் கொட்டிப் பாருங்கள், புரியும்.

7. "ஆபத்துன்னா கண்ணுமண்ணு தெரியாம ஓடுவாங்க. அதை எப்படிக் கணக்குல கொண்டு வருவீங்க?"

நான் அதிகம் கேட்ட கேள்வி இது, அதிகம் தப்பாக இருப்பதும் இதுதான். உண்மையான விபத்துகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது: மக்கள் கண்மூடித்தனமாக ஓடுவது அரிது. நிஜமான சிக்கல், அவர்கள் கிளம்பவே மாட்டார்கள் என்பதுதான். புகை நாற்றம் வந்தால் "அடுப்படியில ஏதோ தீயுது" என்பார்கள். பந்தியில் உட்கார்ந்தவர் இலையை விட்டு எழுந்திருக்கக் கூச்சப்படுவார். நாலு பேர் எழுந்தால்தான் ஐந்தாவது ஆள் எழுவார். இந்தத் தயக்க நேரம் பல சமயம் நடக்கும் நேரத்தைவிட நீளம்.

எழுந்த பிறகும் நேரே வாசலுக்குப் போவதில்லை. குழந்தை எங்கே, அம்மா எங்கே என்று கூட்டத்துக்கு எதிராகத் திரும்பிப் போவார்கள். 1973இல் பிரிட்டனுக்குப் பக்கத்தில் மேன் தீவில் சம்மர்லாண்ட் என்ற பொழுதுபோக்கு அரங்கம் எரிந்தது. அதை ஆராய்ந்த ஜோனதன் சைம் கண்டது, ஆட்கள் சொந்தபந்தத்தை நோக்கியும் தெரிந்த வழியை நோக்கியும்தான் போகிறார்கள் என்பது. நம் ஊர்க் கல்யாணத்தில் இதைச் சொல்லவே வேண்டாம். அதனால் நான் ஓட்டும்போது தனித்தனி ஆட்களாக விடுவதில்லை. மூன்று பேர், ஐந்து பேர் என்று குடும்பமாகக் கட்டிவிடுவேன், ஆளுக்கு ஆள் தயக்க நேரமும் வேறு வேறாக வைப்பேன். விடை உடனே மோசமாகும். ஆனால் அதுதான் நம்பத் தகுந்த விடை.

8. "எங்க வீட்டில முகப்புல நின்னா பின்வாசல் வரைக்கும் நேரா தெரியும். இந்தத் தெருவுல நுழைஞ்சு அடுத்த தெருவுல வெளியேறலாம். எங்களுக்கு என்ன பயம்?"

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு, வெளியேறுவதற்கு, வரைபடத்தில் பார்த்தால் அருமையானது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரே நேர்கோடு. திசை குழம்பாது. நடுவில் வானம் பார்த்த வளவு இருப்பதால் புகை மேலே போக வழியும் உண்டு. வரைபடத்தை மட்டும் வைத்து ஓட்டினால் நல்ல விடைதான் வரும். முதல் முதலில் நானும் அப்படித்தான் ஓட்டி, சந்தோஷமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டு, "பின்கதவு சாவி சிங்கப்பூர்ல இருக்கே" என்றார். நாலு பங்கு வீடு. அந்தப் பக்கத்துச் சாவி ஒரு பங்காளியிடம். கதவு திறந்து பதினோரு வருடம். உள்பக்கம் பாத்திர அண்டா அடுக்கியிருந்தது.

அதற்கப்புறம் நான் வரைபடத்தை நம்புவதை விட்டுவிட்டு, டேப்போடு நேரில் போகிறேன். பார்க்கும் விஷயங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். இரட்டைக் கதவில் ஒரு கதவு எப்போதும் தாழ் போட்டே இருக்கும், நாலடிக் கதவு இரண்டடி ஆகிவிடும், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். நிலைப்படி உயரமானது, பகலில் பழகியவருக்குப் பிரச்சினை இல்லை, விளக்கு அணைந்தால் முதல் ஆள் தடுக்கி விழுவார், பின்னால் வருபவர்கள் அவர்மேல். வளவின் நடுப்பள்ளமும் அப்படியே. கதவுகள் எல்லாம் உள்நோக்கித் திறப்பவை. கூட்டம் உள்ளிருந்து அழுத்தினால் பர்மாத் தேக்குக் கதவை யாராலும் இழுத்துத் திறக்க முடியாது. கூட்டம் கூடும் கட்டடங்களில் வெளியேறும் கதவு வெளிநோக்கித் திறக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வதற்குக் காரணம் இதுதான். நூறு வருடத்துக் கதவைத் திருப்பி மாட்டச் சொல்ல எனக்கே மனசு வராது. விசேஷத்தன்று இரண்டு கதவையும் முழுக்கத் திறந்து, கொக்கி போட்டுக் கட்டிவிடுங்கள், போதும்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. தீ பெரும்பாலும் எங்கே பிடிக்கும்? சமையல் நடக்கும் பின்கட்டில். அப்போது அந்த அழகான பின்வாசல் கணக்கிலேயே இல்லை. அதனால் எந்த வீட்டையும் குறைந்தது மூன்று விதமாக ஓட்டுவேன்: எல்லாக் கதவும் திறந்து, பின்பக்கம் அடைபட்டு, முன்பக்கம் அடைபட்டு. மூன்றில் எது மோசமோ அதுதான் அந்த வீட்டின் விடை.

9. "தெருவை அடைச்சுப் பந்தல் போட்டா அது வெளியே வந்த மாதிரிதானே அண்ணே?"

இல்லை தம்பி, அது இன்னொரு அறை. கூரை இருக்கிறது, பக்கத்துக்குத் துணி மறைப்பு இருக்கிறது, அலங்கார வளைவு என்ற பெயரில் ஒரே ஒரு வாசலும் இருக்கிறது. வீட்டைவிட வேகமாக எரியவும் செய்யும். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத் தீயில் 50க்கும் மேல். இரண்டும் நம் பக்கத்தில் நடந்தவை, நம்மைப் போன்ற கூட்டத்துக்கு.

சிமுலேஷனில் பந்தல்காரருக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு: பக்கத் துணியை நாலு இடத்தில் கட்டாமல் தொங்கவிட்டால் நேரம் சட்டென்று குறையும். காசு செலவில்லாத மாற்றம். ஆனால் அந்த இடங்களில் பாத்திரக் கடைப் பரப்பு மாதிரி நாற்காலி அடுக்கக் கூடாது.

10. "பள்ளிக்கூடத்துக்கும் இது பொருந்துமா சார்?"

பொருந்தும், ஒரு வித்தியாசத்தோடு. பிள்ளைகள் டீச்சர் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்கள். 7ஆம் கேள்வியில் சொன்ன தயக்க நேரம் முழுக்க டீச்சர் கையில் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் போனதில் கீற்றுக் கூரையும் குறுகிய படிக்கட்டும் சேர்ந்திருந்தன. பள்ளியில் வேறொரு வசதி உண்டு: ஒத்திகை வைக்கலாம். ஒத்திகையில் ஆன நேரத்தையும் கணினி சொன்ன நேரத்தையும் ஒப்பிட்டால், என் மாடல் எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

11. "நாங்க எல்லாம் எழுபதைத் தாண்டினவங்க. எங்களையும் ஓடுறவங்களோடு சேர்த்துக் கணக்குப் போட்டா நியாயமா?"

நியாயமில்லை ஆச்சி. சமதரையில் சாதாரண ஆளின் நடை நொடிக்கு 1.3 மீட்டர் சுமாராக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நம் ஊர் விசேஷ வீட்டில் இளசுகள் பாதிப் பேர் சென்னை, பெங்களூர், வெளிநாடு. முன்வரிசையில் இருப்பவர்களில் பலர் கோல் ஊன்றி நடப்பவர்கள். அதனால் நான் கல்யாண வீட்டின் அழைப்புப் பட்டியலைப் பார்த்து வயது விகிதம் போடுகிறேன். மெதுவாக நடப்பவர் சிலர் குறுகிய வழியில் முன்னால் இருந்தால் பின்னால் இருக்கும் எல்லோருடைய வேகமும் அதுதான். மாற்று வழியும் எளிது: நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு வளவுக்குள் ஆழமாக இடம் போடாமல், வாசலுக்கு நேராக இல்லாமல் அதற்குப் பக்கவாட்டில் இருக்கை போடுவது. கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஓர் ஆளையும் முன்கூட்டியே சொல்லி வைப்பது.

12. "வெளிநாட்டுக்காரன் நம்பர் நம்ம ஊர் ஆளுக்குப் பொருந்துமா?"

நல்ல கேள்வி, இதை ஆராய்ந்தும் இருக்கிறார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியர்களையும் ஜெர்மானியர்களையும் தனித்தனியாக ஒற்றை வரிசையில் வட்டமாக நடக்கவிட்டு அளந்தார்கள். நெருக்கம் கூடும்போது ஜெர்மானியர் வேகம் அதிகம் குறைந்தது, நம்மவர் வேகம் அவ்வளவு குறையவில்லை. இருவருக்கு நடுவே நமக்குத் தேவைப்படும் இடைவெளியும் குறைவு. பேருந்தில் ஏறிய எவருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

இதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். இடைவெளி குறைவு என்றால் 4ஆம் கேள்வியில் சொன்ன ஆபத்தான நெருக்கத்தை நாம் அசௌகரியமே தெரியாமல் எட்டிவிடுவோம் என்றும் பொருள். அவர்களுக்கு நெருக்கம் சீக்கிரமே எச்சரிக்கை மணியாக அடிக்கிறது. நமக்கு அந்த மணி தாமதமாக அடிக்கிறது.

13. "குன்றக்குடி மலைப்படியையும் பிள்ளையார்பட்டி சன்னதியையும் ஓட்டிப் பார்க்க முடியுமா?"

முடியும், இரண்டும் இரண்டு விதமான சிக்கல். குன்றக்குடியில் பங்குனி உத்திரத்தன்று ஏறுபவரும் இறங்குபவரும் எதிரெதிரே. 1995 மாதிரியிலேயே ஓர் அழகான விஷயம் வரும்: எதிரெதிரே நடக்கும் கூட்டம் யாரும் சொல்லாமலே வரிசை வரிசையாகப் பிரிந்துகொள்ளும். முன்னால் போகிறவர் முதுகைப் பிடித்துக்கொண்டு போவதுதான் எல்லோருக்கும் எளிது. ஆனால் நெருக்கம் கூடினால் அந்த வரிசைகள் உடைந்து முட்டி நின்றுவிடும். காவடி வேறு. காவடி எடுத்தவரின் அகலத்தைச் சாதாரண ஆளின் அகலமாக வைத்தால் கணக்கு முழுக்கத் தப்பு.

பிள்ளையார்பட்டி குடைவரை. பாறையைக் குடைந்த கருவறைக்குப் பின்வாசல் ஏது? அங்கே வெளியேறும் நேரத்தைக் கணக்கிடுவதைவிட உள்ளே விடும் எண்ணிக்கையைக் கணக்கிடுவதுதான் வேலை. தடுப்புக் கட்டை வரிசைகளில் நடுவே அவசரத்துக்குத் திறக்கும் இடம் விடுகிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். வளைந்து வளைந்து போகும் வரிசையில் நடுவில் இருப்பவருக்கு முன்னும் பின்னும் வழியில்லை.

14. "திறந்த வெளியில எப்படி நெரிசல் வருது? நாலு பக்கமும் ஓடலாமே?"

வெளி திறந்திருக்கும், வழி திறந்திருக்காது. வண்டிகள், தடுப்புகள், கடைகள், மேடையைப் பார்க்கும் ஆசை எல்லாம் சேர்ந்து சுவராகிவிடும். 2010 ஜூலை 24 அன்று ஜெர்மனியின் டூயிஸ்பர்கில் லவ் பரேட் இசை விழாவில் 21 பேர் இறந்தார்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே சரிவுப் பாதை. பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது, அவர் சாதாரணமாகத்தான் ஓரடி எடுத்து வைக்கிறார். ஆயிரம் பேரின் அந்த ஓரடி முன்வரிசையில் மலையாக விழுகிறது. சமூக விசை மாதிரியில் இதைப் பார்க்கலாம், ஆனால் எத்தனை பேர் வருவார்கள் என்ற முதல் எண்ணே தப்பாக இருந்தால் எந்த மாதிரியும் காப்பாற்றாது.

15. "மஞ்சுவிரட்டுல மாடு கூட்டத்துக்குள்ள வந்தா?"

சிராவயல்காரர் ஒருவர் கேட்டார். மாட்டை, எல்லோரையும் தள்ளும் நகரும் புள்ளியாக வைத்து ஓட்டலாம். கூட்டம் பிளந்து மூடுவது அழகாகத் தெரியும். ஆனால் பொட்டலில் நிற்பவர்களில் பாதிப் பேர் மாட்டிடமிருந்து ஓடுகிறார்கள், மீதிப் பேர் மாட்டை நோக்கி ஓடுகிறார்கள். அந்த இரண்டாவது வகை ஆட்களுக்கு என்னிடம் சமன்பாடு இல்லை.

16. "வாசலுக்கு முன்னால ஒரு தூண் வெச்சா கூட்டம் வேகமாப் போகுமாமே? எங்க முகப்புல தூண் இருக்கு!"

இணையத்தில் ரொம்பப் பிரபலமான செய்தி. 6ஆம் கேள்வியில் சொன்ன அதே 2000ஆம் ஆண்டு ஆய்வில் வந்தது: வாசலுக்கு முன் சற்றே ஒரு பக்கமாகத் தள்ளி ஒரு தூண் இருந்தால் அழுத்தம் உடைந்து வெளியேற்றம் சீராகலாம் என்றார்கள். அதற்குப் பிறகு நிஜ ஆட்களை வைத்துச் செய்த சோதனைகளில் விடை கலவையாகத்தான் வந்தது. தூண் எங்கே, எவ்வளவு தூரம், கூட்டம் எவ்வளவு தள்ளுகிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. உங்கள் முகப்புத் தூண் கூரையைத் தாங்கத்தான் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

17. "போன வாரம் அஞ்சு நிமிஷம்னீங்க, இன்னைக்கு ஆறுங்கிறீங்க. எதை நம்ப?"

இரண்டையும் தனியாக நம்ப வேண்டாம். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் யார் எங்கே நிற்கிறார், எவ்வளவு தயங்குகிறார் என்பதைக் கணினி புதிதாகக் குலுக்கிப் போடுகிறது, சோழி உருட்டுவது மாதிரி. அதனால் நூறு தடவை ஓட்டி, பெரும்பாலான தடவை எந்த நேரத்துக்குள் முடிகிறது என்று பார்க்க வேண்டும். சராசரியை மட்டும் சொல்பவரிடம் மோசமான ஐந்து ஓட்டத்தையும் காட்டச் சொல்லுங்கள். அந்த ஐந்தில் என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் எனக்கு எப்போதும் உபயோகமாக இருந்திருக்கிறது. பெரும்பாலும் ஏதோ ஒரு திருப்பத்தில் இரண்டு கூட்டம் சந்தித்திருக்கும்.

18. "வீடியோவில எல்லாரும் வெளியே வந்துட்டாங்க. அப்போ சர்ட்டிஃபிகேட் வாங்கிடலாமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அந்த வீடியோவைத் தன் விளம்பரத்தில் போட விரும்பினார். நான் கொடுக்கவில்லை. வெளியே வந்தார்கள் என்பது பாதி விடைதான். வெளியே வரத் தேவைப்படும் நேரம் ஒன்று, புகையும் வெப்பமும் தாங்க முடியாமல் போகும்வரை கிடைக்கும் நேரம் இன்னொன்று. முதலாவது இரண்டாவதைவிடப் போதிய இடைவெளியோடு குறைவாக இருக்க வேண்டும். தேவைப்படும் நேரத்தில் தீயைக் கவனிப்பது, மற்றவருக்குச் சொல்வது, தயங்குவது, நடப்பது எல்லாம் சேரும்.

கிடைக்கும் நேரம் எவ்வளவு சின்னது என்பதற்கு ஓர் உதாரணம்: 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள். மேடைப் பட்டாசு, சுவரில் நுரைப் பஞ்சு. தீப்பிடித்து சுமார் 90 நொடியிலேயே உள்ளே உயிர் தாங்காத நிலை வந்துவிட்டது என்று அந்நாட்டுத் தரநிர்ணய நிறுவனத்தின் விசாரணை கண்டது. வேறு வாசல்கள் இருந்தும் பெரும்பாலானவர்கள் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலுக்கே போனார்கள். நம் எட்டரை நிமிடக் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள்.

சர்ட்டிஃபிகேட் தருவது தீயணைப்புத் துறை. என் சிமுலேஷன் அவர்கள் ஆய்வுக்கு மாற்று இல்லை. பெரிய திருவிழாக் குழுக்கள், கூட்ட மேலாண்மை பற்றி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியையும் ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.

19. "நானும் கத்துக்கணும் சார். என்ன சாஃப்ட்வேர்? காசு ஆகுமா?"

இலவசம்: ஜூபெட்சிம், வாடெரே. இரண்டும் ஜெர்மனியில் உருவானவை. விளையாட்டாகத் தொடங்க நெட்லோகோ போதும். பாத்ஃபைண்டர், மாஸ்மோஷன் போன்றவை விலைக்கு. கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: முதலில் 40 செ.மீ. கட்ட மாதிரியை நீங்களே எழுதிப் பாருங்கள், இரண்டு மாலை வேலை. அதில் ஒரே அறை, ஒரே கதவு வைத்து, 2ஆம் கேள்வியின் பேப்பர் கணக்கு வருகிறதா என்று சோதியுங்கள். வராவிட்டால் அழகான வண்ணம் பூசிப் பயனில்லை.

20. "எங்க வீட்டைப் பார்க்க வரும்போது என்ன எடுத்து வைக்கணும்?"

வரைபடம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நான் அளந்துகொள்வேன். எனக்கு வேண்டியது வேறு: பந்தி எத்தனை பேருக்கு, எந்தக் கட்டில்; சமையல் எங்கே, சிலிண்டர் எங்கே; ஜெனரேட்டர் எங்கே; எந்தெந்த அறை பூட்டியிருக்கும்; கார் எங்கே நிறுத்துவார்கள். கடைசியைப் பலர் மறப்பார்கள். வாசலை ஒட்டி நாலு கார் நின்றால் வெளியே வந்த கூட்டம் வாசலிலேயே நின்றுவிடும், உள்ளே இருப்பவர் வர முடியாது. தீயணைப்பு வண்டி வருவதை விடுங்கள்.

21. "அதெல்லாம் சரிப்பா. நாளை மறுநாள் கல்யாணம். சிமுலேஷனுக்கு நேரமில்லை. என்ன செய்ய?"

இன்று சாயங்காலமே வீட்டுக்குள் முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரு தடவை நடந்து போங்கள், கையில் சாவிக்கொத்தோடு. திறக்காத கதவைத் திறக்க வையுங்கள், எண்ணெய் விடுங்கள். இரட்டைக் கதவுகளைக் கொக்கி போட்டுக் கட்டுங்கள். வழியில் இருக்கும் அண்டாவையும் நாற்காலி அடுக்கையும் வேறு அறைக்கு மாற்றுங்கள். நிலைப்படியிலும் வளவு ஓரத்திலும் மின்சாரம் போனாலும் எரியும் சின்ன பேட்டரி விளக்கு வையுங்கள். மைக்காரரிடம் சொல்லி வையுங்கள்: ஏதாவது ஆனால் பாட்டை நிறுத்திவிட்டு, "பின்பக்கமாகவும் போகலாம்" என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். 7ஆம் கேள்வியின் தயக்கத்தைக் குறைப்பதற்கு அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

பின்கதவு சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் இன்றே முடிவு செய்துவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க ஓடிக்கொண்டிருப்பவரிடம் கொடுக்காதீர்கள். பின்கட்டைவிட்டு நகராத ஒருவரிடம், சமையல் மேஸ்திரியிடமோ பாத்திரக் கணக்குப் பார்ப்பவரிடமோ, கொடுங்கள்.